பவானிக்கு 'தி' உண்டா?

"டீச்சர், இங்கிலீஷ்ல பவானிக்கு முன்னாடி 'தி' போடணுங்களா, வேண்டாமுங்களா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சாந்தாமணி கேட்டுவிட்டாள்.

ஜெசிந்தா டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எந்த பவானி?"

"நம்ம ஊருதானுங்க."

"ஊருக்கு வேண்டாம்."

"ஆறு?"

"ஆத்துக்குப் போடணும்."

"எங்க பக்கத்து வீட்டுல பவானின்னு ஒரு புள்ள இருக்குதுங்க."

"அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்."

சாந்தாமணி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மூணு பேருக்கும் ஒரே பேருதானுங்களே டீச்சர்! ஒருத்திக்கு மட்டும் மாலை போட்டு, மத்த ரெண்டு பேரையும் வெறுங்கழுத்தா நிக்க வெக்கறதா? இது என்ன ஓரவஞ்சனைங்க?"

டீச்சர் பலகையின் மறுகோடியைத் துடைக்கப் போனார்.

ஜெசிந்தா டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. தையல் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து, பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறார். ஆனால் அவர் பேசுவது அபூர்வம். ஊரில் அவருக்கு மௌனச்சாமி என்று பேர். பேச்சு சொல்லித் தர வந்தவள் பேசவே மாட்டேன் என்கிறாளே என்று சேர்ந்த புதிதில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். பிறகு அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். யாராவது ஒருத்தர் பேசித்தானே ஆகவேண்டும்!

சாந்தாமணி அப்படியே தலைகீழ். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. செக்கெண்ணெய்க் கடை வைத்திருக்கிறாள். செக்கை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், வாயை இவள் பார்த்துக்கொள்வாள். கால் லிட்டர் நல்லெண்ணெய்க்கு வந்தவன் ஊர்க்கதை அத்தனையும் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, எண்ணெயை மறந்து போய்த் திரும்பி வருவான்.

அப்பேர்ப்பட்ட வாய், இங்கிலீஷ் என்று வந்தால் மட்டும் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

மகன் நவநீதனுக்குப் போலந்து நாட்டில் வேலை. அங்கே இவோனா என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சாந்தாமணிக்கும் பிடித்துப்போயிற்று. போட்டோவைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "எப்படி, மூக்கும் முழியுமா இருக்கா பாருங்க" என்று பீற்றிக்கொண்டாள்.

பிறகு முதல் வீடியோ கால் வந்தது. அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா ஹலினா.

சாந்தாமணி ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டாள். "வெல்கம் டு தி பவானி!"

"ஐயோ அம்மா, ஊருக்கு 'தி' வராது" என்று சிரித்தான் நவநீதன்.

அடுத்த வாரம் ஜாக்கிரதையாகச் சொன்னாள். "காவேரி இஸ் நியர் மை ஹவுஸ்."

"இதுக்கு வரும்மா. தி காவேரி."

அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாந்தாமணி கையை ஆட்டினாள், சிரித்தாள். ஹலினாவும் கையை ஆட்டினாள், சிரித்தாள். ரெண்டு பேர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

போன வாரம் நவநீதன் தனியாகக் கூப்பிட்டான்.

"அம்மா, உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லைன்னு இவோனாவோட அம்மா அழுதாங்களாம். பிடிக்காத வீட்டுக்குப் பொண்ணை எப்படிக் குடுக்கறதுன்னு கேக்கறாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவங்களையும் கூட்டிக்கிட்டு நேர்ல வர்றோம். நீங்க வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாத்தான் தேதி குறிக்க முடியும். பார்த்துக்குங்க."

தன் வாயாலேயே மகன் கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்று சாந்தாமணி பயந்தாள். அதுவும் பேசாத வாயால்!

"ஞாயித்துக்கிழமை அவங்களைக் காவேரியும் பவானியும் கலக்கற கூடுதுறைக்குக் கூட்டிட்டுப் போய் ஆத்தைக் காட்டணுமுங்க" என்றாள் டீச்சரிடம். "அங்க போய் 'தி'யை இடம் மாத்திப் போட்டுட்டேன்னா மானம் கப்பலேறிரும். ஒரே ஒரு விதி சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்களே கண்டுபிடிங்க."

மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"புடிச்சுட்டனுங்க! பெருசுக்கெல்லாம் 'தி'. சிறுசுக்கு இல்லை."

"இந்தியா சிறுசா?"

சாந்தாமணி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் படியேறும்போதே குரல் கேட்டது.

"ஓடறதுக்கு உண்டு, நிக்கறதுக்கு இல்லை! ஆறு ஓடுது, ஊரு நிக்குது. சரிதானுங்க?"

"கடல் எங்கே ஓடுது? அதுக்கு உண்டே."

"அப்ப தண்ணிக்கெல்லாம் உண்டு!"

"ஊட்டி ஏரிக்கு இல்லை. அதுல என்ன, மோரா இருக்கு?"

வகுப்பே சிரித்தது. சாந்தாமணியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த நாள் மெதுவாக வந்தாள். ரொம்ப யோசித்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், நீலகிரிக்கு உண்டுன்னீங்க. அதுல ஒரு சிகரம் தொட்டபெட்டாவுக்கு இல்லைன்னீங்க. கூட்டமா இருக்கறதுக்கு உண்டு, ஒண்டிக்கட்டைக்கு இல்லை. சரிங்களா?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க."

"சரிதானுங்களா!"

"காவேரி எத்தனை பேரு?"

"அட போங்க டீச்சர்!"

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"விடிஞ்சா வந்து நிப்பாங்க. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கூடுதுறையில மூணாவதா ஒரு ஆறும் கலக்குதுங்க. அமுத நதி. பூமிக்கு அடியில வருதாம். கண்ணுக்கே தெரியாத ஆத்துக்கும் 'தி' போடணுங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார்.

சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வகுப்பில் யாரும் பார்த்ததில்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு நீங்க குருதட்சிணை குடுக்கலையே" என்றார்.

"கேளுங்க டீச்சர்! ஒரு டின் நல்லெண்ணெய் கொண்டாந்து எறக்கிடட்டுங்களா?"

"எண்ணெய் வேண்டாம். உங்ககிட்ட இருக்கற 'தி'யைக் குடுங்க."

"என்னதுங்க?"

"இருக்கறது அத்தனையும். ஒண்ணுகூட ஒளிச்சு வெக்கக் கூடாது."

கையை நீட்டினார்.

சாந்தாமணி பேந்தப் பேந்த முழித்தாள். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

வேறு வழி தெரியாமல், தன் வெறுங்கையைக் கொண்டுபோய் அந்தக் கையில் கவிழ்த்தாள்.

டீச்சர் விரல்களை மூடிக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளே கையை உதறி, பூட்டினார். சாவியைப் பைக்குள் போட்டார்.

"இனிமே உங்ககிட்ட ஒண்ணும் கிடையாது. நாளைக்கு எங்கேயும் போடக் கூடாது. குடுத்ததைத் திருப்பி எடுத்தா குருத்துரோகம்."

"ஆத்துக்குக்கூடவா?"

"கடலுக்கே கூடாது."

சாந்தாமணி படியிறங்கினாள். வழியில் பூக்காரி, "என்னக்கா, மூஞ்சி தெளிஞ்சிருக்குது?" என்று கேட்டாள். சாந்தாமணி ரெண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று வெகுநேரம் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

ஹலினா நல்ல உயரம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கைப்பையை யாரோ பிடுங்க வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் கும்பிட்டாள். சாந்தாமணியும் கும்பிட்டாள். காபி குடித்தார்கள், சிரித்தார்கள். அவ்வளவுதான். இவோனா தன் அம்மாவைக் கவலையோடு பார்த்தாள். நவநீதன் தன் அம்மாவைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான்.

சமையலை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லோரும் கூடுதுறைக்குக் கிளம்பினார்கள். ஒத்தாசைக்கு டீச்சரையும் வரச் சொல்லியிருந்தாள் சாந்தாமணி. டீச்சர் வந்தார். வழக்கம்போல ஒன்றும் பேசாமல் ஓரமாக நின்றார்.

ஆற்றில் நல்ல தண்ணீர். காவேரி கலங்கலாக வந்தது, பவானி கொஞ்சம் தெளிவாக வந்தது.

சாந்தாமணி மூச்சை இழுத்துவிட்டாள்.

"திஸ் காவேரி" என்றாள். "தட் பவானி."

நவநீதன் வாயைத் திறந்தான். டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டான்.

"காவேரி கம் திஸ் சைடு. பவானி கம் தட் சைடு. ஹியர் மீட். நோ ஃபைட். டுகெதர் கோ."

ஹலினா தலையை ஆட்டினாள்.

சாந்தாமணிக்கு வாய் திறந்துவிட்டதே, இனி யார் மூடுவது?

"ஒன் மோர் ரிவர். நோபடி சீ."

"வேர்?" என்றாள் ஹலினா.

ஒரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

சாந்தாமணி குனிந்து தண்ணீரைக் காட்டினாள். "கம்மிங் அண்டர். வெரி ஷை!"

ஹலினாவும் குனிந்தாள். எங்கே அந்த மூன்றாவது ஆறு என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்தாள்.

"லைக் மீ" என்றாள்.

அதற்கப்புறம் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு அவள் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எங்க பாஷையில அந்த 'தி'யே கிடையாது. அதை எங்கே வைக்கணும்னு எனக்கு இன்னும் தெரியலை. வெச்சாலும் என் பொண்ணு திருத்தறா, வைக்கலைன்னாலும் திருத்தறா. உங்க முன்னாடி அசிங்கப்பட வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்களும் பேசலை. சரி, எங்களைப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டேன்."

சாந்தாமணிக்கு முதலில் காதை நம்ப முடியவில்லை. புரிந்ததும் துள்ளிவிட்டாள்.

"எங்க பாஷையிலயும் கெடையாதுங்க! நோ! தமிழ் நோ! மீ சேம்! மீ சேம்!"

ஹலினாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். உயரத்துக்கு அவள் தோள்கூட எட்டவில்லை. அதனால் என்ன, இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். பொங்கிப் பொங்கி வந்தது சந்தோஷம்.

பிறகு படித்துறையில் உட்கார்ந்து பேசினார்கள் பாருங்கள், பேச்சா அது! ஹலினா ஊர் ஆறு குளிர்காலத்தில் உறைந்து கிடப்பது, நவநீதன் காலையில் சாப்பிடாமல் ஓடுவது, இவோனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது, எல்லாம் வந்தது. எந்த ஊருக்கும் எந்த ஆற்றுக்கும் எந்த மலைக்கும் ஒரு 'தி' கிடையாது. தையில் கல்யாணம் என்று அந்தப் படியிலேயே முடிவாயிற்று. பெற்ற பிள்ளைகள் ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெயில் ஏறியது. ஹலினா எதையோ யோசித்துக்கொண்டு, சாந்தாமணியின் கையைத் தொட்டுக் கேட்டாள். என் மகளுடைய புருஷனுடைய அம்மா நீங்கள். உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது?

சாந்தாமணி வாயைத் திறந்தாள். தமிழ்தான் வந்தது. திரும்பினாள்.

"டீச்சர்! சம்பந்திக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

டீச்சர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"இல்லைங்கக்கா."

"என்னங்க இல்லை?"

"அதுக்கு அங்கே சொல்லே இல்லை."

சாந்தாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சம்பந்திக்கே சொல்லு இல்லைங்களா? அட கெரகமே! இந்த பாஷைக்கா நான் ஒரு வருஷமாப் பயந்து கெடந்தேன்?"

மறுபடி உட்கார்ந்து, ஹலினாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"சம்பந்தி" என்றாள், ஒவ்வொரு எழுத்தாக.

"ஷம்பண்டீ" என்றாள் ஹலினா.

"அது ஷம்பண்டீ இல்லைங்க ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தான் நவநீதன்.

டீச்சர் அவன் காலை மிதித்தார்.