பதினான்கு வாசல் ஏறிய கொக்கு

கிழட்டு எருமை செத்த அன்றே தும்பையனுக்கு வேலை போயிற்று.

தும்பையன் ஓர் உண்ணிக்கொக்கு. எருமையின் முதுகில் ஏறி, தோலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கொத்தி எடுப்பதுதான் அவன் வேலை. அந்த உண்ணிதான் சம்பளம். ஏழு வருஷமாக ஒரே முதுகு! வேறு யாரிடமும் போய் வேலை கேட்டு அவனுக்குப் பழக்கமே இல்லை.

அந்த வருஷம் காட்டில் கொடுமையான கோடை. புல்லெல்லாம் கருகி, ஒரு வெட்டுக்கிளி கூட இல்லை. உண்ணி கிடைத்தால்தான் சாப்பாடு. கூட்டில் மூன்று குஞ்சுகள். பருந்துக்குப் பயந்து அவன் மனைவி அல்லி கூட்டை விட்டு நகர முடியாது.

"என்னங்க, ஒரு வாரம் தாங்குமோ என்னமோ, பிள்ளைங்க இப்பவே துவண்டு கிடக்குதுங்க!" என்றாள் அல்லி.

தும்பையன் பறந்தான். வழியில், பட்ட மரத்தில் காரி உட்கார்ந்திருந்தான். காரி ஒரு கரிச்சான் குருவி. அதே எருமையிடம் ஈ பிடிக்கிற வேலை பார்த்தவன். அவனுக்கும் இப்போது வேலை இல்லை.

"என்னடா காரி, பிழைப்பு போயிடுச்சு, நீ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறே?"

"வேடிக்கை இல்லண்ணே! யாருக்கு அரிக்குதுன்னு பார்க்கிறேன். மரத்தில உடம்பைத் தேய்க்கிறவங்களுக்குத்தானே நாம தேவை? அதிலயும் யார் முதுகில ஏற்கனவே ஆள் இருக்கு, யார் எந்நேரம் எங்க நிப்பாங்க, எல்லாம் தெரிஞ்சாகணும். மறந்துடாம இருக்க இந்தத் தேக்கிலையில ஓட்டை போட்டு வைக்கிறேன். ரெண்டு நாள் என்னோட உட்காருங்க. சேர்ந்தே தேடுவோம்!"

"உட்கார்றதா! உனக்குப் பிள்ளையா குட்டியா? எனக்கு அங்க மூணு வயிறு காயுது!"

அவன் கோபத்திலும் தப்பில்லை. பசிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? ஆனால் ஓடினவன் ஒழுங்காக ஓடினானா? அதுதான் இல்லை!

ஒரே நாளில் பதினான்கு வாசல் ஏறினான். எல்லாரிடமும் ஒரே பாட்டு. "ஐயா, ஏதாவது வேலை போட்டுக் கொடுங்க! எது கொடுத்தாலும் செய்வேன்!"

காட்டுப்பன்றி அப்போதுதான் சேற்றில் புரண்டுவிட்டு வந்திருந்தது. "உடம்பு முழுக்கச் சேறு பூசியிருக்கேன், என்கிட்ட ஏது உண்ணி? போ போ!" என்றது. முள்ளம்பன்றியோ, "என் முதுகில எங்கய்யா கால் வைப்பே?" என்று சிரித்தது. யானை மட்டும் நின்று கேட்டது. "எது கொடுத்தாலும்னா? உனக்கு என்னதான் தெரியும், அதைச் சொல்லு!" ஏழு வருஷ அனுபவக்காரன், நாக்கு குழறி நின்றான். யானை போய்விட்டது.

பன்னிரண்டாவதாக ஒரு மிளா மானிடம் போனான். பெரிய கொம்பு, சாதுவான மிருகம்.

"இப்ப என்கிட்ட ஒரு மைனா இருக்கு தம்பி. நாலு நாள்ல அது மலைக்கு அந்தப் பக்கம் போகுது. நாலாம் நாள் விடியக்காலையில உப்புப் பாறைக்கு வந்துடு. வேலை உனக்குத்தான்!"

"கண்டிப்பா வர்றேங்க!" என்றான் தும்பையன். சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடினான்.

பொழுது சாய்வதற்குள் அவனுக்குத் தலை சுற்றியது. யார் வரச் சொன்னார்கள், யார் விரட்டினார்கள், எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப் போயிற்று. அடுத்த மூன்று நாளும் அதே ஓட்டம்தான். விரட்டின பன்றியிடமே இரண்டு தடவை போய் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டான்! நாலாம் நாள் விடியற்காலையில் அவன் எங்கே இருந்தான் தெரியுமா? மறுபடியும் அந்த முள்ளம்பன்றியின் வளை வாசலில்!

ஐந்தாம் நாள் காலையில் கடைக்குட்டிக் குஞ்சு கண் திறக்கவில்லை. அல்லி அதை அலகால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மற்ற இரண்டையும் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். தும்பையன் செய்வதறியாமல் நின்றபோதுதான் அவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

"ஐயோ, உப்புப் பாறை!"

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தான். மிளாவின் முதுகில் வேறொரு மைனா உட்கார்ந்திருந்தது.

"நேத்து வெயில் ஏறுற வரைக்கும் உனக்காக நின்னேன் தம்பி. காது ஓரமெல்லாம் உண்ணி, எத்தனை நேரம்தான் பொறுக்கிறது? வந்தவளை வச்சுக்கிட்டேன்" என்றது மிளா. அதற்கே வருத்தமாகத்தான் இருந்தது.

காரிக்கு இதற்குள் வேலை கிடைத்திருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, கன்று போட்ட ஒரு காட்டெருமையிடம் அது தண்ணீர் குடிக்க வரும் நேரமாகப் போனான். "அம்மா, உங்க கன்னுக்குட்டி கண்ணைச் சுத்தி ஈ மொய்க்குது. ஈ பிடிக்கிறதுதான் என் தொழில். ஒரு நாள் பாருங்க, பிடிக்கலைன்னா அனுப்பிடுங்க!" என்றான். அவ்வளவுதான். அன்றே காட்டெருமைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மிளாவிடமிருந்து திரும்பி வந்த தும்பையனின் காதில் ஒரு செய்தி விழுந்தது. மடுவில் இருக்கிற முதலைக்குப் பல் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமாம். இன்றைக்கே சேரலாமாம். பல்லிடுக்கில் இருக்கிற இறைச்சி முழுக்க வேலைக்காரனுக்காம்!

காரி குறுக்கே வந்து மறித்தான். "அண்ணே, வேண்டாம்! அந்த வேலை மட்டும் ஏன் எப்பவும் காலியாவே இருக்கு? முன்னால பார்த்தவங்க எங்க போனாங்கன்னு கேட்டீங்களா?"

"அதையெல்லாம் கேட்டா வேலை தருவாங்களாடா?"

"ஒரு பொழுது பொறுங்கண்ணே! எங்க கூட்டத்தில இன்னும் ரெண்டு முதுகு சும்மா இருக்கு. சாயங்காலம் நானே பேசறேன்!"

"ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துட்டேன். இனி ஒரு பொழுதும் பொறுக்க மாட்டேன்!" தும்பையன் அவனைத் தள்ளிவிட்டுப் பறந்தான்.

முதலை வாயெல்லாம் பல்லாக வரவேற்றது. "வாங்க தம்பி! நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்பவே ஆரம்பிச்சுடுங்க!"

முதல் தடவை அலகு நிறைய இறைச்சியோடு கூட்டுக்கு வந்தான். இரண்டு குஞ்சுகளும் முட்டி மோதித் தின்றன. அல்லி அழுதுவிட்டாள். "இரு, இன்னொரு வாய் கொண்டு வர்றேன்!" என்று சந்தோஷமாகக் கிளம்பினான்.

போனவன் திரும்பவில்லை.

சாயங்காலம், காரியைக் கூட்டுக்குக் காவல் வைத்துவிட்டு அல்லி மடுவுக்கு வந்தாள். "என் வீட்டுக்காரர் இங்க வேலைக்கு வந்தாரே, பார்த்தீங்களா?"

முதலை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. அதன் பல்லிடுக்கில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது.

"பார்த்தேன் பார்த்தேன். நல்ல உழைப்பாளி" என்றது முதலை. "இடம் இப்ப காலியாத்தான் இருக்கும்மா. நீ வர்றியா?"

அல்லி எப்படிக் கூட்டுக்குத் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. சிறகுச் சத்தம் கேட்டதும், அப்பா இரை கொண்டு வந்துவிட்டார் என்று இரண்டு குஞ்சுகளும் வாயைத் திறந்தன.

எங்கே யாருக்கு நம் வேலை தேவை என்று முதலில் பார்த்து, நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கேட்டு, வரச் சொன்ன நாளைக் குறித்து வைத்துப் போய் நிற்க வேண்டும். கண்மண் தெரியாமல் வேலை தேடி ஓடுகிறவனைக் கடைசியில் முதலைதான் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.