பதினான்கு மாத வரிசை

இந்தக் கதை நான் கண்டதும் இல்லை, படித்ததும் இல்லை, காதில் விழுந்தது. முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலக வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. ஆகவே பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர்களும், நின்று பழகியவர்களும் கேளுங்கள்.

எதை எழுதினாலும் ஓலையில் எழுதிய காலத்தில், கோரையூர் என்ற நகரை வெண்குடையான் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். தன் நாட்டில் வீடில்லாதவர் ஒருவரும் இருக்கக் கூடாது என்று ஆணையிட்டான். ஆணையிட்ட களைப்பில் ஓய்வெடுக்கப் போனான். மீதியை அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஒரு பெரிய கூடம் கட்டினார்கள். அதற்கு வீடு வழங்கும் கூடம் என்று பெயர். அதில் மூன்று சாளரங்கள். சாளரத்துக்கு ஓர் அதிகாரி.

அந்த ஊரில் பாய் முடைகிற செம்பாயி என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் உப்பு வண்டிகளோடு வடக்கே போனவன், திரும்பி வரவில்லை. புரட்டாசியில் ஏரி உடைந்தது. அவள் குடிசை ஏரியோடு போனது. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ஐப்பசி மழை தொடங்குமுன் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். பிள்ளை தரையில் நனைந்துகொண்டு பிறக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் சாளரத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"வீடில்லை என்கிறாய். அதை நாங்கள் நேரில் வந்து பார்த்துத்தான் எழுதுவோம். வீடு எங்கே?"

"வீடுதான் இல்லைங்களே ஐயா."

"அதைத்தானம்மா வந்து பார்க்கவேண்டும். எந்த வீட்டுக்கு வந்து பார்ப்பது?"

செம்பாயி அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். தண்ணீரைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "கதவு இருந்தால் தட்டிப் பார்க்கலாம். கதவே இல்லாத இடத்தில் வீடு இல்லை என்று நான் எப்படி உறுதியாக எழுதுவது?" என்று திரும்பிவிட்டார்.

இரண்டாம் சாளரத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் விரலை நீட்டி அவளை எண்ணினார். ஒன்று என்று வந்தது.

"வீடு குடும்பத்துக்குத்தான். நீ ஒருத்தி."

"ரெண்டு பேருங்க."

"இன்னொருவர் வந்து இந்த ஓலையில் கைரேகை வைக்கட்டும்."

"அது இன்னும் பிறக்கலைங்க."

"பிறந்ததும் அழைத்து வா."

"பிறக்கத்தானுங்க இடம் கேட்கிறேன்."

"அவசரப்படுகிறாய்," என்றார் அவர். அன்று முழுவதும் அவர் யாரிடமும் அவசரப்படவில்லை.

மூன்றாம் சாளரத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் மிகவும் அன்பானவர். எழுந்து நின்று வணங்கினார். "தாயே, கர்ப்பிணிகளுக்கென்றே தனி வரிசை வைத்திருக்கிறோம். முறை வர பதினான்கே மாதம்தான்," என்றார்.

"பதினான்கு மாசமா? அதுக்குள்ள பெத்துடுவேனே ஐயா."

"பெற்றுவிட்டால் நீ கர்ப்பிணி இல்லையே. அது வேறு வரிசை. அங்கே முதலிலிருந்து நிற்கவேண்டும். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் நல்லது."

செம்பாயி வயிற்றில் கை வைத்தபடி யோசித்தாள். பிறகு கேட்டாள்: "இந்த வரிசையில யாருக்காவது வீடு கிடைச்சிருக்குங்களா?"

"கிடைத்திருக்கிறதே. மாதங்கி என்பவருக்கு. அவர் பதினான்கு மாதமும் முகம் கோணாமல் கர்ப்பமாகவே காத்திருந்தார். அதற்குப் பிறகும் கர்ப்பமாகவே இருக்கிறார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும்."

"யாருங்க அந்த மகராசி?"

"அரசருடைய யானை."

செம்பாயி அந்த வீட்டைத் தேடிப் போனாள். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், மழைத்தண்ணீர் ஏறாத மேடு. வாசலில் மாதங்கி நின்றிருந்தது. பக்கத்தில் பாகன் கூத்தன் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தான்.

"உள்ளே யாரு இருக்காங்க அண்ணே?"

"யாருமில்லை தங்கச்சி. இது வாசலில் நுழையாது. ஆனால் வீடு பெற்றவர் நாள்தோறும் வீட்டில் இருக்கவேண்டும் என்று விதி. அதனால் காலையில் ஓட்டிவந்து துதிக்கையை மட்டும் உள்ளே விடச் சொல்வேன். இருந்ததாக எழுதிக்கொண்டு போவார்கள். மற்றபடி கொட்டிலில்தான் தூங்குகிறது."

"நான் தங்கிக்கலாமா?"

கூத்தன் கத்தியைக் கீழே வைத்தான். "வீட்டுக்காரர் சம்மதித்தால் விருந்தாளி எத்தனை நாளும் தங்கலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரிடம் யார் போய்க் கேட்பது?"

செம்பாயி மாதங்கியை நெடுநேரம் பார்த்தாள். அது தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஈ வந்தாலும் ஆட்டியது, வராவிட்டாலும் ஆட்டியது.

"நான் கேட்கிறேன். அந்த மூணு பேரையும் வரச்சொல்லுங்க அண்ணே. அவங்க முன்னாடி கேட்கிறேன்," என்றாள்.

மறுநாள் மூன்று அதிகாரிகளும் ஓலையோடு வந்தார்கள். வானம் கறுத்திருந்தது. செம்பாயி மாதங்கியின் முன்னால் நின்றாள்.

"தாயி, உன் வீட்டில நான் பிள்ளை பெத்துக்கலாமா?"

மாதங்கி தலையை ஆட்டியது. கூத்தன் சிரிப்பை அடக்கக் கரும்பைக் கடித்தான்.

முதல் அதிகாரி விடவில்லை. "இரு, இரு. நானும் கேட்கிறேன். மாதங்கி, இவள் இங்கே தங்கக் கூடாது, அப்படித்தானே?"

மாதங்கி அதற்கும் தலையை ஆட்டியது.

"பார்த்தாயா," என்றார் அவர். "பின்னால் சொன்னதுதான் செல்லும்."

முதல் மழைத்துளி செம்பாயியின் தோளில் விழுந்தது. அவள் நகரவில்லை. "சரிங்க ஐயா. பின்னால சொன்னதே செல்லட்டும். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்," என்று திரும்பினாள். "தாயி, இந்த மூணு பெரியவங்களும் நாளையிலிருந்து உன் கொட்டிலில் சாணி அள்ளட்டுமா?"

மாதங்கி தலையை ஆட்டியது. ஒருமுறை அல்ல, மூன்று முறை.

அதிகாரிகள் சற்றுத் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள். குடை இல்லாததால் சுருக்கமாகப் பேசினார்கள். திரும்பி வந்ததும் மூன்றாமவர், "யானை முதலில் சொன்னதே செல்லும் என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம், தாயே," என்று ஓலையை நீட்டினார்.

செம்பாயி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். மழை கொட்டியது.

இருபது நாள் கழித்து அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மாதங்கியின் வீட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்று யாரோ அரசனிடம் சொன்னார்கள். அரசன் மகிழ்ந்து, யானை ஈன்றுவிட்டது என்று ஊரெல்லாம் சர்க்கரை வழங்கச் சொல்லிவிட்டு ஓடிவந்தான். வாசலில் மாதங்கி பழைய வயிற்றோடு நின்றது. அரசன் யானையைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். மறுபடி யானையைப் பார்த்தான்.

"உள்ளே அழுவது யார்?" என்று உரக்கக் கேட்டான்.

கதவு பாதி திறந்தது. "இப்பத்தான் தூங்குது. மெதுவா பேசுங்க," என்றாள் செம்பாயி. எதிரே நிற்பது அரசன் என்று அவளுக்குத் தெரியாது.

அரசன் குரலைத் தாழ்த்தி அதிகாரிகளை அழைத்தான். அவர்களும் குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"இப்போது அந்த வரிசையில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள்?"

"ஒருவரும் இல்லை அரசே," என்றார் மூன்றாமவர் பெருமையோடு. "எல்லோரும் பிள்ளை பெற்று வெளியேறிவிட்டார்கள். வரிசை சுத்தமாக இருக்கிறது."

"அவர்கள் எங்கே போனார்கள்?"

மூவரும் கையிலிருந்த ஓலைகளைப் புரட்டினார்கள். அதற்கு ஓலை எதுவும் இல்லை.

அன்றே அரசன் அந்தக் கூடத்தின் மூன்று சாளரங்களையும் இடித்து மூன்று வாசல்களாக ஆக்கச் சொன்னான். உள்ளே பாய் விரிக்கச் சொன்னான். வயிற்றுப் பிள்ளையோடு வருகிறவள் முதலில் உள்ளே வந்து படுக்கவேண்டும், கேள்விகளைப் பிறகு கேட்கலாம் என்றான். வெளியேறிய பெண்களைத் தேடிப்போகும் வேலையை அந்த மூவருக்கே கொடுத்தான். நனைந்துகொண்டே தேடினார்கள். பலரைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரையும் கண்டுபிடிக்கவில்லை.

வீடில்லை என்று வந்து நிற்பவரை முதலில் கூரைக்குள் அழைத்து உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகே யார், எவர் என்று கேட்கவேண்டும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.

வரிசையில் இதைச் சொன்ன அக்கா, யானை மூன்று வருஷம் சுமக்கும் என்றார். வீட்டுக்கு வந்து விலங்கியல் புத்தகத்தில் பார்த்தேன்: ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம்.