அத்திமரத்து மடுவும் மூன்று பேர் கொடுத்த வாக்கும்

காவிரி பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் ஓரிடத்தில் கருமடு என்றொரு சிற்றூர். அந்த ஊரில் மூன்று பேர் ஒரே வாக்கைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள், ஒரே மண்டபத்தில், ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ஒருத்தி தாரிணி. நீர்நாய்களைப் பற்றி ஆராயக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். அவள் வந்த புதிதில் நீர்நாய் என்றாலே ஊரில் யாருக்கும் ஆகாது. வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிட்டுப் போகும் பிராணியை யார் விரும்புவார்கள்? இன்னொருவர் பரிசலில் மீன் பிடிக்கும் மாதப்பன். ஊரிலேயே அதிகம் கிழிந்தது அவருடைய வலைதான். மூன்றாமவர் கெம்பம்மா, அந்த மீனைக் கூடையில் சுமந்து விற்பவர்.

தாரிணி ஊரைக் கூட்டி உதவி கேட்டபோது கெம்பம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"பாப்பா, முன்னாடி ஒருத்தரு வந்தாரு. நீர்நாய் எங்க இருக்குதுன்னு கேட்டுப் படம் புடிச்சு ஊரு உலகத்துக்கெல்லாம் காட்டுனாரு. அவரு பின்னாடியே தோலுக்காகக் கண்ணி வெக்கிறவங்க வந்துட்டாங்க. எங்களுக்கு அதுங்க மேல கோவம்தான். ஆனா தோலுரிச்சுக் கெடந்ததைப் பார்த்த அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல."

அதனால் ஊர் ஒரு நிபந்தனை வைத்தது. எதை ஆராய்வது என்பதை ஊரும் சேர்ந்து முடிவு செய்யும். நீர்நாய் குட்டி போடும் இடத்தை, ஊர்க்கூட்டம் சம்மதிக்காமல் யாரும் வெளியே சொல்லக்கூடாது. ஊரின் சார்பில் மாதப்பனும் கெம்பம்மாவும், அவர்களோடு தாரிணியும் ஆற்றில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளி வாக்குக் கொடுத்தார்கள்.

வேலை தொடங்கியது. மீனவர்கள் வலை கிழிந்த இடங்களைக் காட்டினார்கள். பெண்கள் கரையில் கிடந்த நீர்நாய் எச்சங்களைச் சேகரித்தார்கள். தாரிணி அவற்றில் இருந்த செதில்களையும் முள்ளையும் பிரித்து எல்லோருக்கும் விளக்கினாள். விலை போகாது என்று ஊரார் திருப்பி வீசும் மீனைத்தான் நீர்நாய்கள் அதிகம் தின்கின்றன என்பது தெரியவந்தது. பாறை இடுக்குகளின் வாயில் வலை கட்டுவதை நிறுத்தியதும் வலை கிழிவதும் குறைந்தது. அத்திமரத்துக்குக் கீழே, பாறைக் குகையில் தாய் ஒன்று இரண்டு குட்டிகளோடு இருப்பதைக் கண்ட பிறகு, மாதப்பனே அந்தப் பக்கம் போகாமல் பரிசலை ஒதுக்கி ஓட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் ஒரு நிறுவனம் அங்கே சுற்றுலா விடுதியும் படகுத்துறையும் கட்ட அனுமதி கேட்டது. பாறைகளை வெடி வைத்துத் தகர்க்கத் திட்டம். படகு ஓட்டும் வேலையை மாதப்பனுக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிய தகவல் முந்தின நாள்தான் ஊருக்கு வந்தது. பாதி ஊர் அணைப்பக்கம் மீன் பிடிக்கப் போய்த் தங்கியிருந்தது. ஊர்க்கூட்டம் கூட்ட வழியில்லை. மூவர் மட்டும் கிளம்பிப் போனார்கள்.

மண்டபத்தில் அதிகாரி கேட்டார்: "இந்தப் பகுதியில வனவிலங்கு எதுவும் இல்லைன்னு அறிக்கை வந்திருக்கு. மறுப்பு இருந்தா இடத்தோட சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கே அனுமதிக்குப் பரிந்துரை செஞ்சுடுவேன்."

தாரிணி எழுந்தாள். "நீர்நாய் இருக்கு சார். ஆனா எந்த இடம்னு நான் சொல்ல முடியாது. ஊர் சொல்ல வேண்டியது அது. கொஞ்சம் அவகாசம் குடுங்க."

"அவகாசம் இல்லைம்மா."

இடத்தைச் சொல்லாமலே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கெம்பம்மா திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் முன்பின் தெரியாத முகங்கள்; கண்ணி வைப்பவர்களாகவும் இருக்கலாம். சட்டென்று எழுந்து, "யானைப்பாறையில இருக்குதுங்க" என்றார். யானைப்பாறையில் ஒன்றும் இல்லை. திட்டமும் நிற்கட்டும், குகையும் மறைந்திருக்கட்டும் என்று நினைத்துச் சொன்ன பொய் அது.

"அப்படியா? வண்டியை எடுங்க, இப்பவே போய்ப் பார்த்துடலாம்" என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

மாதப்பன் குறுக்கே வந்து நின்றார். "சார், அங்க இல்லைங்க. அக்கா பயத்துல சொல்லிட்டாங்க. அத்திமரத்துக்குக் கீழ இருக்குது. நானே கூட்டிட்டுப் போறேன்."

"தண்ணியத் தொட்டுச் சொன்னோமேடா!" என்று கெம்பம்மா கத்தினார்.

"ஞாபகம் இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு மாதப்பன் முன்னால் நடந்தார்.

அதிகாரி போய் நின்றபோது தாய் நீரிலிருந்து தலை தூக்கிச் சீறியது. அதன் பின்னால் இரண்டு சின்னத் தலைகள். அனுமதி நிறுத்தப்பட்டது. ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இப்போது இடம் தெரிந்துவிட்டது.

அணைக்குப் போனவர்கள் திரும்பியதும் ஊர் கூடியது. யாரும் கூப்பிடுவதற்கு முன்பே மாதப்பன் நடுவில் வந்து, "வாக்கை மீறினவன் நான்தான்" என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள். தாரிணி வாக்கைக் காத்தாள்; குட்டிகளின் கதி என்னவாகும் என்று தெரியாமலே காத்தாள். கெம்பம்மா இடத்தை மறைக்க உண்மையை விட்டார். மாதப்பன் குட்டிகளுக்காக வாக்கை விட்டார்.

இம்மூவரில் யார் செய்தது சரி?

*

மாதப்பன் செய்ததே சரி. குட்டிகள் பிழைக்கக் கொடுத்த வாக்கு அது. அதைக் காப்பதற்காகக் குட்டிகளையே சாகவிட்டால் அந்த வாக்கால் யாருக்கு என்ன பயன்? ஆனால் அதே சொல்லைத் தாரிணி சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும். நம்பிச் சொன்னதை வெளியூர்க்காரி சபையில் போட்டு உடைத்தால், அப்புறம் எந்த ஊர் ஆராய்ச்சிக்கு என்று வருபவர்களைக் கரையில் இறங்கவிடும்? ஆகவே அவளுடைய மௌனமும் குற்றமல்ல. மாதப்பன் ஊர்க்காரர். வரவிருந்த வேலையை இழந்து சொன்னார். சொன்ன பழியையும் தானே ஏற்றார். கெம்பம்மாவின் பாசத்தில் குறையில்லை. ஆனால் யானைப்பாறை வெறுமையாக இருப்பதை அதிகாரி கண்டிருந்தால், ஊர் கூடிக் கண்டறிந்த மெய்யெல்லாம் அன்றே பொய்யாகியிருக்கும். ஊர்க்கூட்டமும் இப்படித்தான் தீர்த்தது. ஆனாலும் இடம் வெளியே தெரிந்துவிட்டதால், குட்டிகள் வளரும் வரை காவல் இருக்கும் பொறுப்பை மாதப்பனிடமே விட்டது. அவர் அத்திமரத்தடிக்குப் போனபோது கெம்பம்மா சோற்றுத் தூக்கோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "ஒத்த ஆளா எத்தனை பக்கம்டா பார்ப்ப? அந்தப் பக்கமா உக்காரு" என்றார்.