கொண்டல்சாமி காட்டில் ஈரம்

"எங்கப்பாவைப் பத்தி என்ன பேசறதுன்னு தெரியலை, சாமியம்மா."

வரதராசன் இதைச் சொன்னபோது சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் தலைவி. சீடர்களில் அவரைவிட வயதில் மூத்தவன் வரதராசன் ஒருவன்தான். அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு நாற்பது இருக்கும். அதைப் பற்றி இரண்டு பேருமே யோசித்ததில்லை.

மடத்துக்கு வருகிறவர்களுக்குப் பழைய பாட்டுகளின் பொருளைச் சொல்வது அவன் வேலை. ஒரு சொல்லைப் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேசுவான்.

அதனால்தான் ஊரில் அவனைக் கேட்டிருந்தார்கள். அப்பா கொண்டல்சாமியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே கூடும், படித்த பிள்ளை நாலு வார்த்தை பேசட்டும் என்று. கொள்ளி வைத்து, பால் தெளித்துவிட்டு மடத்துக்குத் திரும்பியவன் அன்று முதல் யோசித்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"அவர் என்ன செஞ்சாரு?" என்று கேட்டார் சாமியம்மா.

"உழுதாரு. விதைச்சாரு. களை எடுத்தாரு. அறுத்தாரு. மறு வருஷமும் அதையே செஞ்சாரு."

"அப்புறம்?"

"எங்களை வளர்த்தாரு. அவ்வளவுதான். நான் யாரு, எதுக்குப் பிறந்தேன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? நான் வீட்டை விட்டுக் கிளம்பின அன்னைக்குக்கூட எதுக்குப் போறேன்னு கேக்கலை. சாப்பிட்டுட்டுப் போன்னாரு."

சாமியம்மா காம்புகளை ஒதுக்கினார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"நானும் ஊருக்கு வர்றேன்," என்றார் அவர்.

ஓடைப்பட்டிக்கு அவர்கள் காலையில் போய்ச் சேர்ந்தபோது காரியத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

அந்தப் பக்கத்தில் காடு என்றால் மரம் கிடையாது. மழையை நம்பிய கரிசல் நிலத்தைத்தான் காடு என்பார்கள். வானம் இறங்குகிற இடம் வரைக்கும் தட்டையாகக் கிடக்கும். முந்தின நாள் அங்கே நல்ல மழை பெய்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மண்வாசம் வந்தது.

வீட்டில் பேச்சு முற்றியிருந்தது.

துக்க வீட்டில் காரியம் முடியாமல் ஏர் பூட்டக் கூடாது என்றார் சித்தப்பா எத்திராசு. காரியம் முடிகிற வரைக்கும் ஈரம் காத்துக்கொண்டிருக்குமா என்றார் பக்கத்துக் காட்டுச் சென்னப்பன். காற்று வேறு கிளம்பிவிட்டது, இன்றைக்கு விட்டால் மேல்மண் காய்ந்துவிடும், அடுத்த மழை வருமோ வராதோ, வராவிட்டால் இந்த வருஷம் கொண்டல்சாமி காடு தரிசுதான் என்றார். அண்ணனுக்குச் செய்கிற கடைசி மரியாதை, அதில் குறை வைக்க மாட்டேன் என்றார் எத்திராசு. இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

அம்மா குருவம்மாள் சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாமியம்மாவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார் எத்திராசு.

சாமியம்மா காடு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

வரப்பைத் தாண்டி இறங்கி, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். மண் கொழுக்கட்டை மாதிரி நின்றது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

உதிர்ந்த மண்ணை வரதராசன் கையில் போட்டார்.

"உங்கப்பா இருந்தா இப்ப என்ன செய்வாரு?"

அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குருவம்மாள். எப்போது கிளம்பி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கொண்டல்சாமி போனதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

அவள் தன் கல்யாணக் கதையைச் சொன்னாள். அவளுக்குத் தாலி கட்டின அன்றைக்கும் இப்படித்தான் மழை. பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு இலையில் கவனமே இல்லையாம். வெளியே வெளியே பார்த்தாராம். கை கழுவிவிட்டு நேராக அவளிடம் வந்து, முதன்முதலாகப் பேசின பேச்சு, நீயும் வர்றியா என்பதுதானாம். மஞ்சள் கயிற்றில் ஈரங்கூடக் காயாமல் விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்திருக்கிறாள். மாமியார் திட்டின திட்டு அடுத்த தெருவுக்குக் கேட்டதாம்.

"தாலி கட்டின அன்னைக்கே ஏர் பூட்டின மனுசன்," என்றாள் குருவம்மாள். "அவரு காரியத்துக்கா வேண்டாம்பாரு? பூட்டுங்க."

எத்திராசு தானே போய் நுகத்தடியை எடுத்து வந்தார்.

விதைக்கான கம்பு தானியத்தை எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. கொண்டல்சாமியே புடைத்து, சாம்பல் கலந்து, பானையில் போட்டு வாயைக் கட்டி வைத்திருந்தார். பெட்டியில் கொட்டி வரதராசனிடம் கொடுத்தார்கள். சென்னப்பன் வீட்டு ஏரும் வந்துவிட்டது. முன்னால் விதையை வீசிக்கொண்டு போக வேண்டும், ஏர்கள் பின்னால் வந்து மூடிவிடும்.

அவன் விதைப்பெட்டியைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. வீசினால் ஒரு இடத்தில் குவியலாக விழுந்தது. ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை. திரும்பி வந்து வெறும் இடத்தில் போட்டான். ஏர் பிடித்திருந்த எத்திராசு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கையை இறுக்காதே," என்றாள் அம்மா, வரப்பில் இருந்தபடி. "விடு. அது போயிரும்."

வெயில் உச்சிக்கு வரும்போது கை பழகிவிட்டது. அதன் பிறகு அவன் எதையும் யோசிக்கவில்லை. வீசினான், நடந்தான். பின்னால் மண் புரளும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொக்குகள் ஏரை ஒட்டி இறங்கிப் புழு பொறுக்கின. சந்தோஷமாக இருக்கிறோம் என்பது திடீரென்று அவனுக்கு உறைத்தது. அப்பா செத்த வீட்டில் இப்படி இருக்கலாமா என்று வெட்கமாக இருந்தது. இரண்டு சுற்றில் அந்த வெட்கமும் போய்விட்டது.

சாமியம்மா நாள் முழுக்கக் குருவம்மாளோடு வரப்பிலேயே இருந்தார். எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

மறுநாள் காரியம் முறைப்படி நடந்தது. சாப்பாடு முடிந்து, பந்தலில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு வரதராசனைக் கூப்பிட்டார்கள்.

நிலையாமையைப் பற்றி ஒரு பாட்டு அவன் நாக்கு நுனியில் இருந்தது. எழுந்தான். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பில் கையை ஊன்றி, வளைந்தபடியே நின்றான். அங்கங்கே சிரிப்பு கேட்டது.

"நேத்து ஒரு நாள் விதைச்சேன். இன்னைக்கு நிமிர முடியலை," என்றான் அவன். "எங்கப்பா கடைசி வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தாரு."

அத்தோடு உட்கார்ந்துவிட்டான்.

அப்போது அவன் தங்கை சீத்தா, உட்கார்ந்த இடத்திலிருந்தே, யாரிடமும் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வந்தபோது அப்பா வண்டியில் ஏறவே இல்லை. வைக்கோலை மெத்தையாகப் பரப்பி அவளைப் படுக்க வைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் நடந்து, பாதையில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தார், ஊர் வந்து சேருகிற வரைக்கும்.

அதற்கப்புறம் பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை. உழும்போது மாட்டுக்கு அவர் பாடுகிற பாட்டைச் சென்னப்பன் பாடிக் காட்டினார். ராகமே இருக்காது, மாடு பாட்டுக்குப் பயந்துதான் வேகமாக நடக்கும் என்றார். சாதுவான மனுசன், ஆடு காட்டில் இறங்கிவிட்டால் மட்டும் அவர் வாயிலிருந்து வருவதைப் பெண்பிள்ளைகள் கேட்க முடியாது என்றார் ஒருவர். தன் கல்யாண வேட்டி அண்ணன் எடுத்துக் கொடுத்தது, அந்த வருஷம் அண்ணன் தனக்கு எதுவும் எடுக்கவில்லை என்றார் எத்திராசு.

தான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் கேழ்வரகுக் களி கிண்டின கதையைக் குருவம்மாள் சொன்னாள். உப்புப் போட மறந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் அதைச் சொல்லாமலே தின்றார்கள்.

"நீ ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னே," என்றாள் வரதராசனிடம்.

அவனுக்கு ஞாபகம் வந்தது. களியின் ருசி இல்லை. வாயில் வைக்கும் வரைக்கும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம்.

வெயில் தாழ்ந்து, மாடுகள் வீடு திரும்பும் வரைக்கும் பந்தல் கலையவில்லை.

அடுத்த நாள் காலையில் சாமியம்மா கிளம்பினார். வரதராசனும் பையோடு வந்தான். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் அவர் கேட்டார், முளைத்து வந்தால் களை எடுப்பது யார் என்று.

சென்னப்பன் பார்த்துக்கொள்வார் என்றான்.

அவர் தலையாட்டினார்.

தூரத்தில் பஸ் புழுதி கிளப்பியது. அவன் தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"நான் மடத்துக்கு எப்ப வரட்டும், சாமியம்மா?"

"அறுப்பு முடியட்டும். வரும்போது வண்டியில கம்பு ஏத்திட்டு வாங்க."

"கம்பா?"

"மடத்துக்கு வருஷா வருஷம் உங்கப்பாதானே கொண்டு வந்து போடுவாரு."

அவன் அவரையே பார்த்தான். மடத்தில் காலையில் குடித்த கம்பங்கூழ் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை.

அறுப்பு முடிந்ததும் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வருவார் என்றார் சாமியம்மா. அடுக்களைப் பக்கம் மூட்டைகளை இறக்குவார். முன்கூடத்தில் வரதராசன் பொருள் சொல்லிக்கொண்டிருந்தால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கமே நின்று கேட்பார். பிறகு போய்விடுவார்.

பஸ் வந்து நின்றது. சாமியம்மா படியில் ஏறினார்.

"என்னைப் பாக்கணும்னு ஒரு தடவைகூடச் சொல்லலையா?" என்று கேட்டான் வரதராசன்.

"நான் கூப்பிட்டேன். பிள்ளை நல்லாப் பேசுறான், இருக்கட்டும், காட்டுல வேலை கிடக்குன்னு வண்டியைப் பூட்டிட்டாரு."