வண்டில்லாச் சோளம்

இன்னும் முட்டை வைக்காத விடைக்கோழியாகப் பண்ணைக்கு வந்து சேர்ந்த புதிதில் கேட்ட ஒரு சத்தம் சாய்கொண்டைக்கு மறக்கவே இல்லை. கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கிய மக்காச்சோள மூட்டைகளுக்குள் வண்டு குடைகிற சத்தம். கரகர, கரகர என்று ஓயாமல் கேட்கும். பக்கத்துக் கூண்டுக் கிழக்கோழி அப்போது சொன்னது:

"அது கேக்குற வரைக்கும் பயமில்லடி. வண்டு தின்னுட்டு உசுரோட இருந்தா நாமளும் திங்கலாம்."

கம்பிக் கூண்டுகள் நான்கு வரிசையாக நின்ற பண்ணை அது. முதலாளி செங்கோட்டுவேல். தீனி போடுகிறவள் பாவாயி. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததால் சாய்கொண்டை என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

ஒரு பங்குனியில் புதிதாக ஒரு லோடு சோளம் வந்து இறங்கியது. செங்கோட்டுவேல் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. ஈரமில்லை. மூட்டைக்குள் கையை விட்டு அளைந்தார்.

"பாத்தியா பாவாயி, ஒரு வண்டு இல்ல. தங்கமாட்டம் இருக்குது சோளம்!"

"ஆமாங்க. ஆறு மாசம் குடோன்ல கெடந்ததுன்னா ஆரு நம்புவா?"

சாய்கொண்டை கழுத்தை நீட்டிக் கேட்டாள். மூட்டைகளுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கிழக்கோழி சொன்னதை நினைத்துத் தயங்கினாள். ஆனால் தொட்டியில் வேறு தீனி கிடையாது. கொத்தினாள்.

"பாத்து, பொறை ஏறிடப் போவுது" என்றது ஒரு குரல். சோளத்தில் ஒட்டியிருந்த தூள் பேசியது.

"யாரு நீ?"

"குடோன்ல வண்டுக்குப் போட்டாங்க. வண்டு தீந்துபோச்சு. நான் தீரல."

"என்னைக் கொல்லப்போறியா?"

"சேச்சே! நீ பாட்டுக்கு நல்லாத்தான் இருப்ப. உன் கொழுப்புல கொஞ்ச நாள் குடியிருப்பேன். அப்புறம் மஞ்சக்கருவுல ஏறிக் கெளம்பிருவேன்."

"எங்கே?"

"முட்டை போற எடத்துக்கு."

சாய்கொண்டை பாவாயி வீட்டை நினைத்துக்கொண்டாள். கீறல் விழுந்த முட்டை விற்பனைக்குப் போகும் அட்டையில் ஏறாது; வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது அந்தப் பண்ணை வழக்கம். பாவாயியின் மகள் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருந்தாள். "என் மவளுக்கு ரெண்டு குடு தாயி" என்று கேட்டுக்கொண்டேதான் பாவாயி தினமும் தீனி போடுவாள்.

மற்றக் கோழிகளை என்ன செய்ய முடியும்? தன் முட்டையாவது அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. தீனியில் கிடந்த கிளிஞ்சல் துகளைத் தேடித் தேடித் தின்றாள் சாய்கொண்டை. ஓடு கெட்டிப்பட்டது. அவள் முட்டையில் ஒரு நாளும் கீறல் விழவில்லை.

தூள் சிரித்தது. "கோட்டை கட்டுறியாக்கும்! பாவாயி வீடு இல்லாட்டி இன்னொரு வீடு. அங்கயும் ஒருத்தி புள்ளத்தாச்சியா இருப்பா."

"அவள எனக்குத் தெரியாதே" என்றாள் சாய்கொண்டை. சொன்ன பிறகு அவளுக்கே கூசியது. அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாளும் முட்டை வந்தது. உருண்டு போய் அட்டையில் ஏறியது.

இரண்டு மாதத்தில் சேதி வந்தது. கப்பலேறிப் போன முட்டைகளை அந்த நாட்டுத் துறைமுகத்தில் சோதித்து, பூச்சிமருந்து இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். செங்கோட்டுவேல் போனை வைத்தார். பிறகு கறிக்கடைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். கோழிகள் வண்டியில் ஏறத் தொடங்கின.

"ஏனுங்க, முட்டை வெக்கிற கோழிங்களப் போயி?" என்றாள் பாவாயி.

"வெளிநாட்டுக்காரனுக்கு ஆயிரம் நொட்டை. நீ ஆகுற வேலையப் பாரு."

"மவளுக்கு ஒம்போதாம் மாசமுங்க. கறிக்கு ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?"

அவர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

பாவாயி வரிசையில் நடந்து, இதுவரை ஒரு கீறல் முட்டைகூட வைக்காத கோழியின் முன்னால் நின்றாள்.

"நீதான் தாயி இருக்குறதுலயே சுத்தமானவ" என்று சொல்லிக் கூண்டைத் திறந்தாள்.

அன்று மதியம் சாய்கொண்டை குழம்பானாள். பாவாயியின் மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.