கொட்டாத தேள்

மாசிலாமணி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு காவிரிக்கரை மடத்துக்கு வந்து சிவகாமி அம்மைக்குச் சீடரானார். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரலும் அதிகம்.

அம்மைக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருத்துவமனைக்குத் துணை போகும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். அதற்குள் அம்மை மாட்டிக்கொள்ளும் குளிர்க் கையுறையும் காலுறையும் இருக்கும். மருந்து ஏறும்போது விரல்கள் சில்லென்று இருந்தால் அங்கே ரத்தம் குறைவாகப் போகும், மருந்தும் குறைவாகப் போகும், அந்த மருந்தால் விரல் நரம்பு கெடாமல் தப்பிக்க வாய்ப்பு உண்டு என்று நர்ஸ் ஸ்டெல்லா சொல்லியிருந்தார்.

அந்தக் குளிரை அம்மை முகம் சுளிக்காமல் தாங்கினார். மாசிலாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் தேள் கதையைச் சொன்னார்.

"மடத்துல அம்மா பேசிட்டிருக்காங்க. கருந்தேள் கால்ல கொட்டிடுச்சு. அம்மா மூச்சு விடல. பேசி முடிச்சிட்டுத்தான் மருந்துக்கு எழுந்தாங்க."

பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த செண்பகம் வாயைப் பிளந்து கேட்டாள். மருத்துவமனை வாசலில் பிள்ளையார் கோயிலடியில் பூக் கட்டி விற்பவள் அவள். பிழைக்க வந்த இடத்திலேயே வைத்தியமும் அமைந்துவிட்டது என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள்.

கதை முடியவும் ஸ்டெல்லா வரவும் சரியாக இருந்தது.

"கைகால்ல மதமதப்பு, குறுகுறுப்பு ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு," என்றார் அம்மை. "வலது கால் கட்டைவிரல் நுனியில. நேத்து நடக்கும்போது செருப்பு கழண்டது தெரியல. திரும்பிப் பார்த்துத்தான் எடுத்தேன்."

மாசிலாமணியின் முகம் செத்துவிட்டது. தேளுக்கு அசையாதவர் கட்டைவிரல் நுனிக்குப் புகார் கொடுக்கிறார். அதுவும் இத்தனை பேர் முன்னால்.

டாக்டர் வந்து பாதத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

அதே கேள்வி செண்பகத்திடம் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்," என்றாள் அவள்.

மாசிலாமணி மெச்சிக்கொண்டு தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அவரால் அடக்க முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க இன்ஸ்பெக்டர் ஐயா."

"தேளுக்கு வாய் திறக்காதவங்க இதுக்குப் போய்..."

"இதுக்குப் போய்?"

"ஒரு குறுகுறுப்பு. பூக்காரம்மாகூட ஒண்ணுமில்லங்குது."

"அப்படியா? அப்ப அடுத்த தடவை அவகிட்ட ஒரு முழம் பூ வாங்கணும்."

மாசிலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேள்விக்குப் பதில் பூவா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

அடுத்த முறை காலையிலேயே வந்துவிட்டார்கள். ஊசிக்குப் பெயர் கூப்பிடும்வரை செண்பகம் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மை ஒரு முழம் கேட்டார்.

"ஐயா, அவ கண்ணைப் பாருங்க," என்றார் மெதுவாக.

மாசிலாமணி பார்த்தார். எத்தனையோ முறை அவளிடம் பூ வாங்கியிருக்கிறார். பேரம் பேசுவாள், சில்லறை தருவாள், ஆட்டோக்காரனைத் திட்டுவாள், விரல்கள் தம்பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும். இன்று குனிந்த தலை நிமிரவில்லை. கண் விரலை விட்டு நகரவில்லை. அப்படியும் முடிச்சிலிருந்து இரண்டு மல்லிகை நழுவி மடியில் விழுந்தன.

"எப்போலேருந்து பார்த்துக் கட்டுறே, செண்பகம்?"

அவள் கை நின்றது. "கொஞ்ச நாளா. நூல் விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியலம்மா."

"சிஸ்டர் கேட்டாங்களே."

செண்பகம் மாசிலாமணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயம். அதுவும் போக, ஐயா தேள் கதை சொன்னாரு. அப்பேர்ப்பட்டவங்க பக்கத்துல உக்காந்துகிட்டு விரல் குறுகுறுங்குதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மாசிலாமணி அவள் விரல்களைப் பார்த்தார். அந்த விரல்கள்தான் அவளுக்குச் சோறு. இவர் பெருமைக்குச் சொன்ன கதை அவள் வாயைக் கட்டியிருக்கிறது.

விறுவிறுவென்று உள்ளே போனார். மடத்துக்கு வந்த பிறகு அடக்கி வைத்திருந்த ஸ்டேஷன் குரல் அன்று வெளியே வந்தது. "பூக்காரம்மாவுக்கு விரல் மரத்துப் போகுது. இப்பவே பாக்கணும்." வாசலில் நின்ற செக்யூரிட்டி தன்னையறியாமல் விறைப்பாக நின்றான்.

டாக்டர் செண்பகத்தின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னிக்கு ஊசி வேண்டாம். இடைவெளி விட்டு, அளவைக் குறைச்சுப் போடலாம். வைத்தியத்தை நிறுத்த மாட்டோம், பயப்படாதீங்க. இதையே இன்னும் மறைச்சிருந்தா விரல் பழையபடி திரும்புறது கஷ்டம்."

அன்றிலிருந்து மாசிலாமணி தேள் கதையை விட்டுவிட்டார். நாற்காலி நாற்காலியாகப் போய் விசாரணையில் இறங்கினார். "குறுகுறுப்பு இருக்கா? மதமதப்பு? சட்டை பட்டன் போட முடியுதா? உண்மையைச் சொல்லணும்." அவரிடம் மறைக்க வார்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஸ்டெல்லா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வைத்தியம் முடிந்து, மழைக்காலம் போய், வெயில் வந்தது. பரிசோதனைக்கு வந்த அம்மையும் மாசிலாமணியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

செண்பகம் ஒருத்தியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வழியை மறித்த ஆட்டோக்காரனை நல்ல வார்த்தையில் நாலு திட்டினாள். ஒரு தடவைகூடக் குனியவில்லை. மடியில் மல்லிகைச் சரம் தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது, ஒரு பூ சிந்தவில்லை. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கொடுத்த சரத்தை வாங்கிக்கொண்டு அம்மை செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாரிடம் நடந்தார். மதிய வெயிலில் கல் தகித்தது. நாலு எட்டு வைத்ததும் வலது காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டார்.

"சுடுது ஐயா," என்றார். "கட்டைவிரல் நுனிவரைக்கும் சுடுது." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். செண்பகமும் சிரித்தாள்.

மாசிலாமணி ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வந்து வைத்தார். குனிந்தபடியே கேட்டார்.

"அம்மா, அன்னிக்குத் தேள் கொட்டினப்ப மட்டும் ஏன் பேசாம இருந்தீங்க?"

அம்மை செருப்பில் காலை நுழைத்தார்.

"அது கொட்டி முடிச்சிருந்துச்சு ஐயா. இந்தக் குறுகுறுப்பு அப்ப இன்னும் கொட்டலையே."