மக்காச்சோளம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் பயிருக்கும் பறவைக்கும் பேச்சு இருந்தது. புஞ்சைக்குப் போகிறவர்கள் வரப்பில் நின்று, "என்ன, ஈரம் போதுமா?" என்று கேட்பார்கள். பயிர் உள்ளதைச் சொல்லும். அதனால் குனிந்து இலையைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

கரிசல் மண்ணில் மூக்கம்மாள் என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெரியாண்டி. பக்கத்துப் புஞ்சை பெரியாண்டியின் தங்கை வெயிலாச்சியுடையது. இரண்டு புஞ்சைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். இந்தப் பக்கம் கஞ்சி காய்ச்சினால் அந்தப் பக்கம் ஒரு சட்டி போகும்.

முந்தின வருஷம் மழை இல்லை. வீட்டில் இருந்ததெல்லாம் தின்று தீர்ந்து, விதைக்கென்று ஒரு குடுவையில் வைத்த மக்காச்சோளம் மட்டும் மிச்சம் இருந்தது. மூக்கம்மாள் பட்டினி கிடந்தாளே ஒழிய அந்தக் குடுவையில் கைவைக்கவில்லை. அதைத்தான் விதைத்தார்கள். இதுவும் போனால் ஊரைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

மழை பெய்தது. பயிர் முழங்கால் உயரம் வந்தது. ஒருநாள் காலையில் மூக்கம்மாள் போய்ப் பார்த்தால், விரிந்த இலைகளில் வரிசையாக ஓட்டைகள். மடித்த துணியில் ஊசியால் குத்திவிட்டு விரித்தது போல இருந்தது.

"யார் வந்தா? யார் இப்படிப் பண்ணினது?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

பயிரின் குருத்துக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "வேற யாரு? வெயிலாச்சி ஆடுதான்."

மூக்கம்மாள் நேரே நாத்தனாரிடம் போய் நின்றாள். "உன் ஆட்டைக் கட்டிப்போடத் தெரியாதா?"

"என் ஆடு வரப்புத் தாண்டலை மதினி. ஆடு மேஞ்சா இலை துண்டாப் போகும். ஓட்டை எப்படி விழும்?" என்றாள் வெயிலாச்சி.

"பயிரே சொல்லுது. பயிர் பொய் சொல்லுமா?"

பயிர் பொய் சொன்னதாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மூக்கம்மாள் உடைமரத்து முள்ளை வெட்டி இழுத்துவந்து வரப்பு நெடுக அடைத்தாள். கஞ்சிச் சட்டி போவது நின்றது.

முள் போட்ட பிறகும் ஓட்டைகள் கூடின. மறுபடியும் கேட்டாள்.

"கரிச்சான் குருவியைக் கேளு. காலையிலும் சாயங்காலமும் இங்கேயேதானே உட்கார்ந்திருக்கு?" என்றது குரல்.

புஞ்சை நடுவில் பெரியாண்டி நட்டுவைத்த குச்சியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. மூக்கம்மாள் கல்லை எடுத்தாள்.

"நான் இலை தின்கிற சாதியா மூக்கம்மா? பறக்கிற பூச்சியைப் பிடிச்சுத் தின்கிறவன் நான். கொஞ்ச நாளா இங்கே அந்துப்பூச்சி நிறைய வருது. அதைப் பாரு," என்றது கரிச்சான்.

"திருடன் எல்லாம் இப்படித்தான் இன்னொருத்தரைக் கைகாட்டுவான்," என்று கல்லை வீசினாள். குச்சியையும் பிடுங்கிப் போட்டாள். கரிச்சான் பறந்துபோய் ஊர் எல்லைப் பனையில் உட்கார்ந்துகொண்டது.

கரிச்சான் போன பிறகு அந்துப்பூச்சிகளுக்குக் கேட்பாரில்லை. இலையின் அடியில் குவியலாக முட்டையிட்டு, மேலே மயிரைப் போர்த்திவிட்டுப் போயின. குனிந்து பார்க்காத மூக்கம்மாளுக்கு அது தெரியவில்லை. இலைகள் கந்தலாயின.

கடைசியாகக் கேட்டபோது குரல் தயங்குவது போலப் பாசாங்கு செய்தது. "சொன்னா வருத்தப்படுவே. உன் புருஷன்தான் இலையை ஒடிச்சுத் தங்கச்சி ஆட்டுக்குப் போடுறான்."

அன்று பெரியாண்டி வீட்டுக்கு வந்தபோது மூக்கம்மாள் முகம் கொடுக்கவில்லை. அவன் எங்கே போகிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவன் வேட்டியில் ஒட்டிய இலைத் துணுக்கைக்கூட எடுத்து முகர்ந்தாள்.

அதைக் கவனித்த பெரியாண்டி நின்று திரும்பினான். "என்ன தேடுறே?"

"தங்கச்சிக்கு எவ்வளவு ஒடிச்சுக் கொடுத்தே?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. திடீரென்று அடிபட்டவன் போல நின்றான். "நீ பட்டினி கிடந்து காப்பாத்தின விதை. அதில நான் கை வைப்பேன்னு நினைச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டு, வெளியே இறங்கிப் போய்விட்டான்.

மூக்கம்மாள் புஞ்சைக்கு வந்து பயிருக்கு நடுவில் உட்கார்ந்தாள். நாத்தனார் போனாள், குருவி போனது, இப்போது புருஷனும் போய்விட்டான். குரல் கைகாட்டிய எல்லாரும் போன பிறகும் இலை அழிந்துகொண்டுதான் இருந்தது. அப்போதுதான் அவள் மனம் முதல்முறையாகக் குரலின் பக்கம் திரும்பியது. முன்பெல்லாம் பயிர் பேசினால் இலையெல்லாம் சேர்ந்து சலசலக்கும். இந்தக் குரல் வரும்போது ஒரு இலைகூட அசைவதில்லையே?

எழுந்து, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். "கண்ணு, உன்னை விதைச்ச அன்னிக்கு நான் என்ன ஊத்தினேன், ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? குளிரக் குளிரத் தண்ணி ஊத்தினே."

மூக்கம்மாள் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்த விதை அது. மண்ணுக்குள் தவித்துக் கிடந்து மழைக்குக் காத்திருந்த விதை அதை மறக்குமா?

பயிரிடம் கேட்டு அறிவதை விட்டு, இரண்டு கையாலும் குருத்தை விரித்தாள். உள்ளே ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்துக் கிடந்தது. வரப்பில் வெயிலில் காய்ந்திருந்த மணலை அள்ளிக் குருத்துக்குள் கொட்டினாள். மணல் உறுத்த, தூளைத் தள்ளிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு புழு வெளியே வந்தது. தன்னோடு குருத்தில் இருந்த சின்னப் புழுவைப் பாதி தின்று, மீதியை வாயில் வைத்திருந்தது.

மூக்கம்மாள் ஒரு கவட்டைக் குச்சியால் அதன் தலையைத் தரையோடு அழுத்தினாள்.

"என்னைக் கொன்னா என்ன ஆகும்? எங்க கூட்டம் பெரிசு. நல்ல புழு எது, நான் எதுன்னு உனக்குத் தெரியவா போகுது? மறுபடியும் ஆட்டையும் குருவியையும்தான் சந்தேகப்படுவே," என்று புழு அந்த மெல்லிசுக் குரலில் சிரித்தது.

"தெரியும்படி செய்றேன்," என்று மூக்கம்மாள் குச்சியை இன்னும் அழுத்தினாள். கவட்டை நெற்றியில் தலைகீழாகப் பதிந்தது.

பனையிலிருந்து இதைப் பார்த்த கரிச்சான் பாய்ந்து வந்து புழுவின் வால்பக்கத்தைக் காலால் பற்றியது. நான்கு நகமும் சதுரமாகக் குத்தின. புழு நெளிந்து விழுந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மூக்கம்மாள் பிடுங்கிப்போட்ட குச்சியை எடுத்து நட்டாள். கரிச்சான் உடனே வந்து உட்காரவில்லை. வரப்பு முள்ளையும் கையாலேயே இழுத்துப் போட்டாள். முள் கிழித்த கையோடு நின்றவளை வெயிலாச்சி அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே மதினி," என்றாள். பிறகு ஓலைப்பெட்டியில் மணலோடு வந்தாள். பெரியாண்டியும் வந்தான். மூன்று பேரும் குருத்து குருத்தாக மணல் போட்டு, முட்டைக் குவியல்களை நசுக்கினார்கள். பாதிப் பயிர் தப்பியது. ஊரைவிட்டுப் போகாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது.

கடைசிக் குருத்தைச் சுத்தம் செய்துவிட்டு மூக்கம்மாள் கேட்டாள். "ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

இலைகள் சலசலத்தன. "சொல்லத்தான் பார்த்தேன். அந்தப் புழு குருத்துல எச்சத்தைத் திணிச்சு என் வாயை அடைச்சிருந்தான். என் குரல் எது, அவன் குரல் எதுன்னு உனக்குத் தெரியலையே," என்றது மக்காச்சோளம். அதன் பிறகு அது பேசவே இல்லை.

அந்தப் புழுவுக்குத்தான் இப்போது படைப்புழு என்று பேர். அதன் கூட்டத்துக்கே நெற்றியில் கவிழ்ந்த கவட்டையும் வால்பக்கம் நான்கு கரும்புள்ளியும் வந்தது அன்றிலிருந்துதான். வாய்வார்த்தையை நம்பாமல், மக்காச்சோளக்காரர்கள் குனிந்து குருத்தை விரித்துப் பார்க்கத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.